ஓடும் இயந்திரத்தில் கை வைக்கலாமா?

ஊர்காவற்றுறை இறங்குதுறையிலிருந்து அனலைதீவுக்குப் படகேறிச் செல்பவர்கள் ஓர் உண்மையை நன்கறிவர். நடுவழியில் இயந்திரம் நின்றுபோனால் இறங்கித் தள்ளுவதற்கு அங்கு வீதி இல்லை. அடுத்த சந்தியில் திருத்தகம் இல்லை. காற்று எத்திசையில் வீசுகின்றதோ, நீரோட்டம் எத்திசையில் இழுக்கின்றதோ அத்திசையில்தான் படகு போகும். யாழ்ப்பாண நகரில் ஒரு கார் நின்றுபோவதற்கும் இக்கடலில் ஒரு படகு நின்றுபோவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுதான்.

இந்த வேறுபாட்டை மனதிற்கொண்டே, வாகனம் வைத்திருப்போரும் படகு வைத்திருப்போரும் அடிக்கடி எழுப்பும் ஒரு வினாவை நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இயந்திரத்தின் பாகத்தை, அது பழுதடைவதற்கு முன்னரே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துவது அறிவுடைமையா, அல்லது வீண் செலவா?

இவ்வினாவுக்கு எமது மக்களிடையே இரு விடைகள் உண்டு. ‘ஓடுவதை ஓடவிடு, கை வைத்தால்தான் கெடும்’ என்பது முதலாவது. ‘நின்ற பிறகு அழுது பயனில்லை, முன்கூட்டியே எல்லாவற்றையும் மாற்று’ என்பது இரண்டாவது. அனுபவமிக்க திருத்துநர்களிலும் இரு சாராரும் உள்ளனர். இரண்டு விடைகளிலும் உண்மை இருக்கின்றது. எந்தப் பாகத்துக்கு எந்த விடை பொருந்தும் என்பதைப் பிரித்தறியாமையே குழப்பத்துக்குக் காரணமாகின்றது.

பற்றாக்குறை கற்பித்த பழக்கம்

‘ஓடும்வரை ஓடட்டும்’ என்ற மனப்பாங்கு வடபகுதியில் வேரூன்றியமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் நடைமுறைக்கு வந்த பொருளாதாரத் தடை பெற்றோலையும் பற்றரியையும் மட்டுமன்றி வாகன உதிரிப்பாகங்களையும் எமக்கு எட்டாப் பொருளாக்கியது. பழைய ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் பாதுகாத்து வைத்த சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தை அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் நினைவிருக்கும். யாழ்ப்பாண நகரில் வணிகத்திலும் இரும்பு வியாபாரத்திலும் முன்னின்ற முஸ்லிம் மக்கள் அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் வெளியேற்றப்பட்டமையால், பல தலைமுறைகளாக இருந்துவந்த கொடுக்கல் வாங்கல் தொடர்புகளும் அறுந்துபோயின.

மாற்றுவதற்கு மறுபாகமே இல்லாத அந்த நாட்களில், பழுதடையுமுன் மாற்றுவது பற்றி எவரும் எண்ணியிருக்க முடியாது. உடைந்ததை ஒட்டியும், தேய்ந்ததைக் கடைந்தும், ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்குப் பொருத்தியும் எமது திருத்துநர்கள் வாகனங்களை ஓடவைத்தனர். அது போற்றுதற்குரிய திறமை. ஆயினும், இல்லாமையால் பிறந்த அப்பழக்கம் பொருட்கள் கிடைக்கத் தொடங்கிய பின்னரும் விதியாக நிலைத்துவிட்டது.

பின்னர் வேறொரு நெருக்கடி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அது தொடர்ந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் ரூபாவின் பெறுமதி சரிந்து உதிரிப்பாகங்களின் விலை பன்மடங்காகியது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டபோது, மண்ணெண்ணெய் இயந்திரங்களை நம்பியிருந்த கடற்றொழிலாளர்கள் திகைத்து நின்றனர். எரிபொருளுக்கே காசு போதாதவரிடம் ‘நல்ல நிலையிலுள்ள பாகத்தையும் மாற்று’ என்று கூறுவது எளிதன்று. ஆகவேதான், எதை மாற்றவேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதைத் தெளிவாக அறிவது அவசியமாகின்றது.

வானூர்தித் துறை கண்ட உண்மை

பழுதடைந்தால் இறங்கி நின்று பார்க்க இயலாத இன்னொரு வாகனம் வானூர்தி. ஆதலால் இவ்வினாவை உலகில் மிக ஆழமாக ஆராய்ந்தவர்கள் அத்துறையினரே. அவர்கள் கண்ட விடை பலரும் எதிர்பாராததாக இருந்தது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், பிரித்தானிய விமானப்படையின் கரையோரப் பிரிவில் கடமையாற்றிய விஞ்ஞானிகள், ஒவ்வொரு 50 மணி நேரப் பறப்புக்கும் பின்னர் மேற்கொள்ளப்பட்ட பராமரிப்புப் பரிசோதனையின் பெறுபேற்றை ஆராய்ந்தனர். பரிசோதனை முடிந்த கையோடு பழுதுகள் குறைந்திருக்கவேண்டும் என்பதே இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் பதிவேடுகளோ, பரிசோதனைக்கு அடுத்து வந்த மணித்தியாலங்களிலேயே பழுதுகள் கூடுதலாக ஏற்பட்டதையும், நேரம் செல்லச் செல்ல அவை குறைந்ததையும் காட்டின. நன்றாக இயங்கியவற்றைக் கழற்றி மீண்டும் பூட்டியதே பல பழுதுகளுக்குத் தாயாக இருந்தது. உயிரியல் அறிஞரான சி. எச். வொடிங்டன் பின்னர் எழுதிய நூலின் மூலம் இச்செய்தி பரவலாக அறியப்பட்டது.

1978ஆம் ஆண்டு, அமெரிக்காவின் யுனைட்டட் விமான நிறுவனத்தைச் சேர்ந்த நோலன், ஹீப் என்னும் பொறியியலாளர்கள் இருவர் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக ஓர் அறிக்கையைத் தயாரித்தனர். வானூர்திப் பாகங்கள் எவ்வாறு பழுதடைகின்றன என்பதை அவர்கள் ஆறு வகையாகப் பிரித்தனர். குறிப்பிட்ட வயது வந்ததும் மாற்றுவதால் பயன்தரக்கூடிய பாகங்கள் 11 வீதம் மட்டுமே என்பது அவர்களது முடிவு. எஞ்சிய 89 வீதமான பாகங்களுக்கு வயதெல்லை குறித்து மாற்றுவதால் நன்மை இல்லை. அதிலும் 68 வீதமானவை புதிதாகப் பொருத்தப்பட்ட தொடக்க காலத்திலேயே கூடுதலாகப் பழுதடைந்து, அதனைத் தாண்டிய பின்னர் நெடுங்காலம் ஒரே சீராக இயங்குபவை. அதாவது, தொடக்கச் சோதனையைக் கடந்து நிலைபெற்ற ஒரு பாகத்தை அகற்றி, இன்னும் அச்சோதனையைக் கடக்காத ஒன்றை அவ்விடத்தில் வைப்பது சில வேளைகளில் ஆபத்தைக் கூட்டுவதாகும்.

இதற்குக் கண்கண்ட சான்றும் உண்டு. 1983 மே 5ஆம் திகதி மயாமி நகரிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்குப் புறப்பட்ட ஈஸ்ரேர்ன் நிறுவனத்தின் வானூர்தியில் 172 பேர் இருந்தனர். கடலின்மேற் பறந்துகொண்டிருக்கையில் அதன் மூன்று இயந்திரங்களிலும் எண்ணெய் வற்றத் தொடங்கியது. வழமையான பராமரிப்பின்போது மூன்று இயந்திரங்களின் எண்ணெயிலும் உலோகத் துகள் உண்டா எனப் பார்க்கும் கருவிகள் கழற்றிப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றுக்குரிய சிறு இறப்பர் வளையங்கள் ஒன்றிலேனும் இடப்படவில்லை. முன்னரே நிறுத்தப்பட்டிருந்த ஓர் இயந்திரத்தை மீண்டும் இயக்கி, அதன் துணையோடு விமானி மயாமிக்கே திரும்பித் தரையிறக்கினார். உயிர்கள் தப்பின. பாதுகாப்புக்கென மேற்கொள்ளப்பட்ட வேலையே மூன்று இயந்திரங்களையும் ஒருசேர முடக்கியது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. தொலைதூரக் கடற்பயணம் செய்யும் இரட்டை இயந்திர வானூர்திகளில், ஒரே ஆள் ஒரே வேளையில் இரண்டு இயந்திரங்களிலும் ஒரே வேலையைச் செய்யாதிருக்கும்படி இன்று கட்டுப்பாடு விதிக்கப்படுவது இத்தகைய அனுபவங்களின் விளைவே.

அவ்வாறாயின் ‘கை வைத்தால் கெடும்’ என்போர் கூறுவது முற்றிலும் சரியா? இல்லை. அந்த 11 வீதத்தில் அடங்குபவை எவை என்பதே எமக்கு முக்கியமான வினா. இறப்பரால் ஆனவை, உராய்ந்து தேய்பவை, அழுக்கை உள்வாங்குபவை, உப்பு நீரால் அரிக்கப்படுபவை ஆகியன வயதுக்கேற்பத் தளர்பவை. காரிலும் படகிலும் எம்மை நடுவழியில் நிறுத்துபவை பெரும்பாலும் இவைதாம்.

கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

ஒரு பாகத்தை முன்கூட்டியே மாற்றுவதா என்று முடிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது போதுமானது. அது வயதோடு தளரும் பாகமா? பழுதடையுமுன் ஏதேனும் அறிகுறி காட்டுமா? அது நின்றால் விளைவு என்ன?

எமது வீதிகளில் இன்றும் ஓடும் ‘டொல்பின்’ வான்களை உதாரணமாகக் கொள்வோம். அவற்றின் டீசல் இயந்திரங்களில் டைமிங் பெல்ட் எனப்படும் பல் வைத்த இறப்பர் பட்டி உண்டு. பிஸ்டன் மேலே வரும் வேளையில் வால்வுகள் விலகி நிற்கும்படி இரண்டின் அசைவையும் இணைத்து வைப்பது அதுவே. ஏறத்தாழ 100,000 கிலோமீற்றர் ஓடியதும் அதனை மாற்றுமாறு நினைவூட்டும் விளக்கு ஓட்டுநரின் முன்னே எரியும். அந்தப் பட்டி வயதோடு தளர்வது. அறுவதற்கு முன் பெரும்பாலும் எவ்வித ஓசையும் எழுப்பாதது. அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே சிதையக்கூடியது. மூன்று கேள்விகளுக்கும் கிடைக்கும் விடை ஒன்றே. விளக்கு எரிந்ததும் மாற்றவேண்டும். அதனை மாற்றும்போது அதே இடத்திலுள்ள நீரேற்றியையும் இழுவைச் சில்லையும் சேர்த்து மாற்றுவதே சிக்கனமாகும். ஏனெனில், அங்கு செலவின் பெரும்பகுதி பாகத்தின் விலையன்று. முன்பக்கத்தை முழுவதும் கழற்றிப் பூட்டும் கூலியே.

அதே வானின் டீசல் பம்பை எடுத்துக்கொள்வோம். அது நுட்பமான, விலை கூடிய கருவி. தளரத் தொடங்கினால் காலையில் இயங்கத் தாமதித்தல், கரும்புகை, இழுவைக் குறைவு எனப் பல நாட்களுக்கு முன்னரே சொல்லிவிடும். சரியாக இயங்கும் பம்பை ‘வயதாகிவிட்டது’ என்று கழற்றுவது வீண் வேலை மட்டுமன்று. ஆபத்தை விலைக்கு வாங்குவதுமாகும். ஸ்டார்ட்டர் மோட்டார், மின்பிறப்பாக்கி போன்றவற்றுக்கும் இதுவே பொருந்தும். மின்னணுப் பெட்டிகளோ வயதையும் காட்டமாட்டா, அறிகுறியையும் காட்டமாட்டா. அவற்றை முன்கூட்டியே மாற்றுவதால் எப்பயனுமில்லை. தேவையெனின் மேலதிகமாக ஒன்றைக் கைவசம் வைத்திருப்பதே வழி.

தீவில் கணக்கு மாறுகின்றது

மூன்றாவது கேள்விக்கான விடை இடத்துக்கு இடம் மாறும் என்பதே எமது கட்டுரையின் சாரம். அனலைதீவின் உள்வீதியில் ஓடும் முச்சக்கர வண்டியின் பட்டியோ குழாயோ அறுந்தால், ஏறியிருந்தவர் நடந்தே வீடு போய்ச் சேரலாம். அத்தீவு அவ்வளவு சிறியது. புகையிலைத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் இயந்திரம் நின்றால் அன்றைய இறைப்புத் தவறும். அயலவரின் இயந்திரத்தை இரவல் வாங்கலாம். இவற்றில் தேய்ந்த பாகத்தை அதன் இறுதி நாள்வரை ஓடவிடுவது நியாயமான சிக்கனமே. ஆனால் அதே பாகம் பயணிகள் படகில் இருந்தால் அந்நியாயம் செல்லாது. பாகம் ஒன்றுதான், அது நிற்கும் இடமே அதன் பெறுமதியைத் தீர்மானிக்கின்றது.

தீவக மக்களுக்குப் படகு வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. மேல் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நோயாளியும், பிரசவ வலியுடன் செல்லும் தாயும், பரீட்சைக்குச் செல்லும் மாணவரும், பாடசாலைக்கு வரும் ஆசிரியரும் அதனையே நம்பியிருக்கின்றனர். நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நாகவிகாரைக்குச் செல்வோரும், அங்குள்ள பள்ளிவாசலைச் சார்ந்து வாழும் முஸ்லிம் குடும்பத்தினரும் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு அவ்வாறே செல்கின்றனர். மன்னார், கற்பிட்டி, மூதூர், கிண்ணியா எனக் கடலை அண்டி வாழும் எமது மக்கள் யாவருக்கும் இது பொதுவான விடயம்.

கடற்றொழிலாளரின் நிலை இதனிலும் கடினமானது. பாக்கு நீரிணையில் இயந்திரம் பழுதான படகு காற்றோடு இழுபட்டுச் செல்கையில், 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வரையப்பட்ட கடல் எல்லைக் கோடு அதனைத் தடுத்து நிறுத்தாது. அக்கோட்டைத் தாண்டிவிட்டால் இயந்திரக் கோளாறு என்பது சட்டச் சிக்கலாகவும் மாறிவிடுகின்றது. இரு கரைகளின் கடற்றொழிலாளரும் இத்துன்பத்தை அனுபவித்துள்ளனர். சில நூறு அல்லது சில ஆயிரம் ரூபா பெறுமதியான இறப்பர்த் துண்டு ஒன்றின் விலையை, தடுத்துவைக்கப்படும் நாட்களோடும் வீட்டில் காத்திருப்போரின் கண்ணீரோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

படகில் மாற்றவேண்டியவை

படகு இயந்திரங்களில் முன்கூட்டியே மாற்றத்தக்கவை சிலவே. முதலாவது, குளிரூட்டும் நீரை உறிஞ்சும் நீரேற்றியின் உள்ளே சுழலும் இறப்பர் இதழ்ச் சில்லு. வெளியிணைப்பு இயந்திரமாயினும் உள்ளிணைப்பு இயந்திரமாயினும் கடல்நீரே அதனைக் குளிர்விக்கின்றது. தீவுகளைச் சூழ்ந்த கடல் ஆழமற்றது. மணலும் சாதாழையும் நீரோடு உள்ளே சென்று அந்த இதழ்களைத் தேய்த்துக் கிழிக்கின்றன. இதழ் கிழிந்தால் நீர் ஏறாது. நீர் ஏறாவிடின் சில நிமிடங்களில் இயந்திரம் கொதித்து இறுகிவிடும். வெளியிணைப்பு இயந்திரத்தின் பக்கத்தில் பீறிடும் சிறு நீர்த்தாரை மெலிவதே அதன் அறிகுறி. அத்தாரையைக் கவனிப்பது ஓட்டியின் கடமை. ஆயினும், அறிகுறி தோன்றும் இடம் நடுக்கடலாக இருக்கக்கூடும் என்பதால், இதனை ஆண்டுக்கொரு முறையேனும் நல்ல நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுவது உத்தமம்.

இரண்டாவது, எரிபொருள் வடிகட்டி. டீசல் இயந்திரத்துக்குத் தேவையானவை தூய காற்றும் தூய எரிபொருளுமே. அது திடீரென நிற்பின் பெரும்பாலும் எரிபொருளையே முதலில் சந்தேகிக்க வேண்டும். கரையில் பரலில் கிடக்கும் எரிபொருளில் நீர் சேர்கின்றது. தாங்கியின் அடியில் வண்டல் படிகின்றது. கடல் அமைதியாக உள்ள நாட்களில் அவ்வண்டல் அடியிலேயே கிடக்கும். கடல் கொந்தளிக்கும் நாளிலே அது கலங்கி எழுந்து வடிகட்டியை அடைத்துவிடும். இயந்திரம் மிகவும் தேவைப்படும் வேளையில்தான் அது நிற்கின்றது என்று கடலோடிகள் கூறுவதற்குக் காரணம் தலைவிதியன்று, இந்த வண்டலே. ஆதலால் வடிகட்டி அடைக்குமுன் மாற்றப்பட வேண்டும். தாங்கியும் கழுவப்பட வேண்டும்.

மூன்றாவதாக, நீரேற்றியையும் மின்பிறப்பாக்கியையும் சுழற்றும் பட்டி, குளிர்நீர்க் குழாய்கள், அவற்றை இறுக்கும் வளையங்கள் ஆகியன. உப்புக் காற்றில் வளையம் துருப்பிடித்து அறுவது சாதாரணம். நான்காவது, அரிப்பைத் தன்மீது ஏற்று ஏனைய உலோகங்களைக் காக்கும் நாகத் துண்டுகள். அவை கரைவதற்கென்றே வைக்கப்பட்டவை. பாதியளவு கரைந்ததும் மாற்றவேண்டும். ஐந்தாவது, பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்களின் பிளக்குகள். இவை ஐந்தும் விலை குறைந்தவை, வயதோடு தளர்பவை, நின்றால் படகையே முடக்குபவை.

இவற்றுக்கு அப்பால் பிஸ்டன், பெயாறிங், டீசல் பம்பு, கியர் ஆகியவற்றைக் கால அட்டவணைப்படி கழற்றுவது வேண்டாத வேலை. அவற்றுக்குக் கண்ணும் காதுமே காவல். கியர் எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் நீர் புகுந்துள்ளது என்று பொருள். வெப்பமானி வழமையிலும் உயர்ந்தால், ஓசை மாறினால், புகையின் நிறம் மாறினால் அன்றே பார்க்கவேண்டும். பார்த்துப் பார்த்துப் பராமரிப்பதும் வருமுன் காத்தலே. வருமுன் காத்தல் என்பதை எல்லாவற்றையும் வருமுன் மாற்றுதல் என்று பொருள்கொள்வது தவறாகும்.

மாற்றும் முறை

எதை மாற்றுவது என்பதைப் போன்றே எவ்வாறு மாற்றுவது என்பதும் முக்கியமானது. முதலாவதாக, மாற்றிய பின் பயணிகளை ஏற்றுமுன் கரையோரமாக ஒரு மணி நேரமேனும் ஓட்டிப் பார்க்கவேண்டும். புதுப் பாகத்தின் குறையும் பூட்டியதில் ஏற்பட்ட தவறும் பெரும்பாலும் தொடக்கத்திலேயே வெளிப்படும். அது கரையோரத்தில் வெளிப்படுவதே நல்லது. கடலுக்குப் போகும் நாளன்று காலையில் பாகம் மாற்றுவது கூடாது.

இரண்டாவதாக, இரண்டு இயந்திரங்கள் உள்ள படகாயின் இரண்டிலும் ஒரே நாளில் ஒரே வேலையைச் செய்யக்கூடாது. ஒன்றை முடித்து, சில நாட்கள் ஓடிய பின்னரே மற்றதைத் தொடவேண்டும்.

மூன்றாவதாக, நல்ல நிலையில் கழற்றிய பழைய பாகத்தை எறிந்துவிடக் கூடாது. அது நேற்றுவரை பழுதின்றி ஓடியது. தன் தகுதியை நிரூபித்தது. அதனைத் துடைத்து உறையிலிட்டு, அதற்கு வேண்டிய சாவிகளோடு படகிலேயே வைத்தால் அவசரத்துக்கு உதவும். முன்கூட்டியே மாற்றுவது வீண் செலவு என்போருக்கு இதுவே தகுந்த பதிலுமாகும். பழுதடைந்த பின் மாற்றுபவரிடம் மிஞ்சுவது உடைந்த பாகம். முன்னதாக மாற்றுபவரிடம் மிஞ்சுவது ஓர் உதிரிப்பாகம்.

நான்காவதாக, சந்தையில் உலவும் போலிப் பாகங்கள் குறித்து விழிப்பாக இருக்கவேண்டும். ஓடும் அசல் பாகத்தைக் கழற்றிவிட்டுப் போலியைப் பூட்டுபவர் முன்னிருந்த பாதுகாப்பையும் இழக்கின்றார். அசல் கிடைக்கும்வரை பழையதைக் கவனமாக ஓட்டுவது அதனிலும் மேல்.

ஐந்தாவதாக, ஒரு சிறு கொப்பி. எந்தத் திகதியில், எத்தனை மணி நேர ஓட்டத்தில் எது மாற்றப்பட்டது என்று எழுதிவைத்தால், ஒவ்வொரு பாகமும் எமது கடலில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கின்றது என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் தெளிவாகிவிடும். வெளிநாட்டுக் கைந்நூலின் கணக்கைவிட எமது மணலும் சாதாழையும் எழுதும் கணக்கே எமக்குப் பொருத்தமானது. சோளகம் ஓய்ந்து வாடைக் காற்று தொடங்குவதற்கு முன்னுள்ள வாரங்களே இவ்வேலைகளுக்கு உகந்த காலம்.

பொதுப்படகுகளும் பொறுப்பும்

தனியார் படகுகளுக்குக் கூறியது அரச படகுகளுக்கும் பொருந்தும். நெடுந்தீவு மக்கள் குமுதினிப் படகை மறக்கமாட்டார்கள். 1985 மே 15ஆம் திகதி அப்படகில் நிகழ்ந்த படுகொலையின் வடுவைச் சுமந்தபடியே, திருத்தப்பட்டு மீண்டும் மீண்டும் அவர்களைச் சுமந்த படகு அது. 2017ஆம் ஆண்டு ஜனவரியில் அவுஸ்திரேலிய உதவியுடன் ‘நெடுந்தாரகை’ சேவைக்கு வந்தபோது பெரும் மகிழ்ச்சி நிலவியது. எழுவைதீவு, அனலைதீவு மக்களுக்கென ‘எழுதாரகை’யும் வழங்கப்பட்டது. எனினும், பழுது காரணமாகப் படகு நிறுத்தப்பட்டுள்ளது என்ற அறிவித்தலைத் தீவக மக்கள் பலமுறை கேட்க நேர்ந்துள்ளது. எழுதாரகை நெடுங்காலம் சேவையின்றிக் கிடந்தமை அத்தீவு மக்கள் அறிந்த வேதனை.

புதுப்படகைக் கையளிக்கும் விழாவில் மாலையும் மங்கள வாத்தியமும் உண்டு. அதன் இறப்பர்ச் சில்லையும் வடிகட்டியையும் ஆண்டுதோறும் மாற்றுவதற்கான நிதிக்கு விழா இல்லை. பல வேளைகளில் நிதியும் இல்லை. படகை வழங்குபவர்கள் அதனோடு சேர்த்துப் பராமரிப்பு நிதியையும், பயிற்சி பெற்ற திருத்துநரையும், அத்தியாவசிய உதிரிப்பாகங்கள் அடங்கிய பெட்டியையும் வழங்கவேண்டும். நின்ற பின்னர் கேள்விப்பத்திரம் கோரி, அனுமதி பெற்று, பாகம் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும் நடைமுறை, சிறு பழுதையும் பெரும் பழுதாக்கிவிடுகின்றது. கட்டிக்கிடக்கும் இயந்திரத்தை உப்பு ஓடும் இயந்திரத்தைவிட விரைவாகத் தின்னும்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. ஒரே வகை இயந்திரத்தைப் பலர் வைத்திருக்கும் தீவில், இதழ்ச் சில்லு, வடிகட்டி, பட்டி, பிளக்கு ஆகியவற்றைச் சங்கமே மொத்தமாகக் கொள்வனவு செய்து இருப்பில் வைத்தால் விலையும் குறையும், போலியும் தவிரும், யாழ்ப்பாணம் சென்று திரும்பும் ஒரு நாளும் மிஞ்சும். பணத்தைத் தவணையில் அறவிடலாம். இதற்குப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அலுமாரியும் நேர்மையான கணக்கும் போதும்.

நிறைவாக, எமது வினாவுக்கு வருவோம். ஓடும் இயந்திரத்தில் கை வைக்கலாமா? வயதோடு தளரும், சொல்லாமல் நிற்கும், நின்றால் உயிருக்கு உலை வைக்கும் பாகமாயின் கை வைக்கத்தான் வேண்டும். ஏனையவற்றில் கண்ணை வைத்தால் போதும். ஒட்டகத்தைக் கட்டிவைத்த பின்னரே இறைவன்மீது பொறுப்புச் சாட்டவேண்டும் என்ற நபிகளாரின் அறிவுரையை முஸ்லிம் சகோதரர்கள் அறிவர். அம்மனை வேண்டிப் படகேறும் தாயும் அதே பொருளிலேயே, ஓட்டி தன் கடமையைச் செய்திருப்பான் என்று நம்புகின்றாள். வாடைக் காற்று தொடங்குமுன், அந்நம்பிக்கைக்கு உரியவர்களாக எமது படகோட்டிகளும் படகுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளும் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.